வெட்ட வெட்டத் தழைத்த காடு

மரத்தை வெட்டினால் காடு அழியும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். ஐந்தாம் வகுப்பிலேயே ‘மரம் வளர்ப்போம்’ என்று ஒன்றரைப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதிப் பத்துக்கு ஏழு வாங்கியவர்கள் நாம். இதை மறுத்துப் பேசுகிற ஆசாமியைப் பார்த்தால், எந்த மரக்கடைக்காரர் அனுப்பிய ஆள் இது என்றுதான் முதலில் யோசிப்போம்.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் என்று ஒரு மாவட்டம். அங்கே பிராட்ஃபீல்டு காடு என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது 1252ஆம் வருஷத்திலிருந்து அந்தக் காட்டை முறைவைத்து வெட்டிவந்ததற்கு எழுத்து ஆதாரம் உண்டு. முதலில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவிகள் வெட்டச் சொன்னார்கள். 1539இல் எட்டாம் ஹென்றி மடத்தையே மூடினார்; பண்ணைக்காரர்கள் வெட்டச் சொன்னார்கள். 20ஆம் நூற்றாண்டில்கூட, வைக்கோல் வாரும் கோல் செய்கிற பக்கத்து ஊர்ப் பட்டறைக்கு அங்கிருந்து கழி போனது. இத்தனை வெட்டுக்கும் பிறகு காடு அங்கேயேதான் இருக்கிறது. அதன் ஒரு பெரும் பகுதி காணாமல் போனது 1960களில். எப்படி? வெட்டி அல்ல. வேரோடு பெயர்த்து வயலாக்கி.

வெட்டுவது வேறு, பெயர்ப்பது வேறு. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க எழுதினார். பெயர் ஆலிவர் ராக்கம். அவர் எழுதியதையும், அவர் எழுதாமல் விட்டதை வேறு இரண்டு பேர் எழுதியதையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் இந்த வாரத்து வேலை. மூன்றும் இங்கிலாந்துப் புத்தகங்கள். மூன்றும் தொடுவது கிட்டத்தட்ட ஒரே காலம்: யந்திரமும் நிலக்கரியும் கிராமத்துக்குள் வருவதற்கு முந்தைய முந்நூறு வருஷம்.

*

ராக்கம் (1939–2015) கேம்பிரிட்ஜில் தாவரவியல்காரர். சிவப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நடப்பவர் என்று பிரசித்தம். மற்ற தாவரவியல்காரர்களுக்கு இல்லாத ஒரு கெட்ட பழக்கம் இவருக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் லத்தீன் கணக்குச் சுவடிகளைப் படிப்பார். படித்துவிட்டுச் சும்மா இருக்காமல், சுவடியில் சொன்ன காட்டுக்கே போய், எல்லைக் கரை அங்கே இருக்கிறதா என்று தேடுவார். பல நேரம் இருந்தது. அகழி வெளிப்பக்கம், மண்கரை உள்பக்கம். இந்த வேலையிலிருந்து வந்த புத்தகங்களில் 1976இல் வெளியான ‘ட்ரீஸ் அண்ட் வுட்லண்ட் இன் தி பிரிட்டிஷ் லாண்ட்ஸ்கேப்’ அளவில் சின்னது, படிக்கச் சுலபமானது. 1980இல் வந்த ‘ஏன்ஷியன்ட் வுட்லண்ட்’ தலையணை சைஸ்.

அவர் சொல்வதன் சாரம் நமக்கு அந்நியமில்லை. ‘முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்’ என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதில் இரண்டாம் பாதியைத் தள்ளிவிடுங்கள். முதல் பாதி தாவரவியல்படி சரி. ஆஷ், ஹேசல், ஓக் போன்ற மரங்களைத் தரைக்குச் சற்று மேலே வெட்டினால் சாவதில்லை. கரும்புக்கு மறுதாம்பு விடுவதுபோல அடித்தூரிலிருந்து கொத்தாகக் கழிகள் கிளம்பும். ஏழெட்டு வருஷமோ பதினைந்து வருஷமோ கழித்து, என்ன கனத்தில் தேவையோ அந்தக் கனத்தில் வெட்டிக்கொள்ளலாம். மறுபடி தழையும். விசேஷம் என்னவென்றால், வெட்டுப்பட்ட மரத்துக்கு ஆயுள் கூடுகிறது. சும்மா விட்டால் இருநூறு வருஷம் தாண்டுவதே கஷ்டமான ஆஷ் மரம், வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தால் பல நூற்றாண்டுகள் நிற்கும். பிராட்ஃபீல்டில் அப்படி ஓர் அடித்தூர் ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். வயது ஆயிரத்துக்குக் குறையாது என்பது ராக்கம் கணக்கு.

காட்டை மொத்தமாக வெட்டிச் சாய்ப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு துண்டு. கழிகளுக்கு நடுவே ஓக் மரங்களை மட்டும் ஓங்கி வளர விடுவார்கள். கழி விறகுக்கு, வேலிக்கு, கரிக்கு. ஓக் வீட்டு உத்தரத்துக்கு, கப்பலுக்கு. 1543இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று, காட்டை வெட்டும்போது ஏக்கருக்கு 12 மரங்களை விட்டுவைக்க வேண்டும், வெட்டிய துண்டில் மாடு புகாமல் சில வருஷங்களுக்கு வேலி போட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ராஜா புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை இது. கிராமத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பழக்கத்தின்மேல் ராஜ முத்திரை, அவ்வளவுதான்.

மாடு மேய வேண்டிய இடத்தில் வேறு உபாயம். ஆள் உயரத்துக்கு மேலே, மாட்டுக்கும் மானுக்கும் வாய் எட்டாத உயரத்தில், மரத்தின் தலையை மட்டும் வெட்டுவார்கள். கீழே புல், மேலே விறகு. ஒரே நிலத்தில் இரண்டு மகசூல். வயதான மொட்டைத்தலை மரங்கள் இன்றைக்கும் ராட்சசர்கள் மாதிரி நிற்கின்றன. மரங்கள் இயற்கையின் படைப்பு, அந்த வடிவம் கிராமத்தானுடையது.

ராக்கத்தின் எழுத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய எரிச்சல். எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக உண்மையாகிவிட்ட பொய்களை அவர் ‘ஃபாக்டாய்டு’ என்பார். (வார்த்தை அவருடையது அல்ல. நார்மன் மெய்லர் 1973இல் உருவாக்கியது.) அப்படி அவர் விரட்டி விரட்டி அடித்த பொய் ஒன்று: கப்பல் கட்டியும் இரும்பு உருக்கியும் இங்கிலாந்து தன் காடுகளைத் தின்றுவிட்டது. ராக்கம் கேட்பது எளிய கேள்வி. அப்படியென்றால் இரும்பு உலைகள் கொழித்த தென்கிழக்கு மாவட்டங்களில்தானே காடு அற்றுப்போயிருக்க வேண்டும்? நாட்டிலேயே காடு அதிகம் மிஞ்சிய இடங்களில் அதுவும் ஒன்றாயிற்றே! உலைக்காரனுக்கு அடுத்த வருஷமும் கரி வேண்டும். அதற்கடுத்த வருஷமும் வேண்டும். பெயர்த்துப்போட அவன் என்ன முட்டாளா? காடு இருந்தால் லாபம் என்கிறவரை காடு இருந்தது. கோதுமை போட்டால் கூடுதல் லாபம் என்று ஆனபோது போயிற்று.

இன்னொரு கணக்கும் கொடுக்கிறார். சஃபோக்கில் ஒரு பழைய மர வீட்டைப் பிரித்து ஆராய்ந்ததில் முந்நூறுக்கு மேற்பட்ட ஓக் மரங்கள் தேறின. பெரும்பாலும் ஒல்லி மரங்கள். அந்தக் காலத்துத் தச்சன் தடித்த மரத்தை வாங்கி ரம்பத்தால் அறுத்துக் கூலி கொடுக்க மாட்டான். தேவையான கனத்தில் வளர்ந்ததையே தேடி வெட்டுவான். சட்டங்களுக்கு நடுவே கழியைப் படலாகப் பின்னி மண்ணை அப்பினால் சுவர். காடு எப்படி வளர்ந்ததோ அப்படி வீடு. வீட்டுக்கு என்ன வேண்டுமோ அப்படிக் காடு.

வெட்டிய துண்டில் அடுத்த இரண்டு மூன்று வசந்தங்களுக்கு வெயில் தரைவரை இறங்கும். பிரிம்ரோஸும் ஆக்ஸ்லிப்பும் பூத்துத் தள்ளும். பட்டாம்பூச்சி வரும். கழி அடர்ந்த பிறகு நைட்டிங்கேல் வந்து கூடு கட்டும். வெட்டும் இடத்துக்கெல்லாம் இடம் மாறிப் பின்தொடர்ந்ததால் ‘மரவெட்டியின் சகா’ என்று பெயர் வாங்கிய பட்டாம்பூச்சியே ஒன்று உண்டு. ரயில் வந்து, மலிவு நிலக்கரி கிராமத்து அடுப்புவரை போய்ச் சேர்ந்ததும் கழிக்கு விலை போயிற்று. கோடாலியை மாட்டிவைத்தார்கள். காடு இருண்டது. பூ குறைந்தது. பட்டாம்பூச்சி பல ஊர்களில் இல்லாமலே போனது. அந்தக் காடு அத்தனை நாள் அழகாக இருந்ததற்குக் காரணம், யாரோ ஒரு ஏழைக்குக் குளிர்காலத்தில் விறகு தேவைப்பட்டது.

*

இந்த இடத்தில்தான் ராக்கத்தோடு எனக்கு ஒரு சண்டை. யார் அந்த ஏழை?

அவர் பக்கங்களில் கழி வெட்டப்படும், கட்டப்படும், விற்கப்படும். வெட்டுகிற கை மட்டும் சட்டென்று கண்ணில் படாது. அடித்தூரின் குறுக்களவை அங்குலம் பிசகாமல் அளக்கிறவர், வெட்டியவனின் கூலியில் அத்தனை நேரம் நிற்பதில்லை. பிராட்ஃபீல்டு போன்ற காடுகள் மடத்துக்கோ பண்ணைக்கோ சொந்தம். கழி பணத்துக்கு விற்ற சரக்கு. விலை கொடுக்க முடியாதவன் எங்கே போனான்? மரத்தின் கண்ணால் வரலாற்றைப் பார்ப்பது அபாரமான உத்திதான். ஆனால் தன்னை வெட்டுகிறவனுக்கு அதில் உரிமை உண்டா இல்லையா என்பது மரத்துக்குத் தெரியாது. கோர்ட்டுக்குத்தான் தெரியும்.

கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தவர் இ. பி. தாம்ப்ஸன் (1924–1993). அவருடைய ‘விக்ஸ் அண்ட் ஹண்ட்டர்ஸ்’ 1975இல் வந்தது. ராக்கத்தின் சின்னப் புத்தகத்துக்கு ஒரு வருஷம் முன்னால். ஒரே காலத்தில் இரண்டு பேர் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு வார்த்தை விளக்கம். நாம் ‘ஃபாரஸ்ட்’ என்றால் மரம் நினைவுக்கு வரும். பழைய இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் என்றால் மான். ராஜாவின் மான்கள் திரிகிற, தனிச் சட்டம் உள்ள பிரதேசம். அங்கே மரம் இருக்கலாம், வெறும் புதரும் மேடுமாகவும் இருக்கலாம். உள்ளே கிராமங்கள் இருக்கும், வயல் இருக்கும், ஜனங்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 1217ஆம் வருஷத்து வனச் சாசனத்திலிருந்தே எழுத்தில் உள்ள உரிமைகளும் உண்டு. மாடு மேய்க்கலாம். ஓக் கொட்டை உதிரும் மாதத்தில் பன்றியை ஓட்டிவிடலாம். அடுப்புக்கு, வேலிக்கு, கலப்பைக்கு என்று தனித்தனிப் பெயரில் கட்டை எடுக்கலாம்.

லண்டனுக்கு மேற்கே விண்ட்ஸர் ஃபாரஸ்டிலும் தெற்கே ஹாம்ப்ஷயரிலும் 1720களின் தொடக்கத்தில் இந்தப் பழைய ஏற்பாடு கிழிந்தது. மான் கூடக்கூட ஜனங்களின் பயிருக்குச் சேதம். புதிய பணக்காரர்கள் தோட்டம் பூங்கா என்று வளைத்துப்போட்டார்கள். ஜனங்கள் ராத்திரியில் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு போய் மானை அடித்தார்கள், குளத்துக் கரையை உடைத்தார்கள், மரத்தை வெட்டினார்கள். 1723இல் பார்லிமென்ட் பதில் சொன்னது. ‘பிளாக் ஆக்ட்’, கறுப்புச் சட்டம். ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களுக்கு ஒரே வீச்சில் மரண தண்டனை. முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு ஆயுதத்தோடு மான் பூங்காவில் நின்றால் தூக்கு. தோப்பில் நட்ட மரத்தை வெட்டினால் தூக்கு. தற்காலிகமாக வந்த சட்டம் நிரந்தரமாகி, ஒரு நூற்றாண்டு நின்று, 1823இல்தான் அதன் பெரும் பகுதி ரத்தானது.

தாம்ப்ஸன் இதை ராபின்ஹுட் கதையாக எழுதவில்லை என்பது அவர் பெருமை. பிடிபட்டவர்களின் ஜாதகத்தைத் தோண்டிப் பார்க்கிறார். எல்லாரும் பஞ்சப்பராரிகள் இல்லை. சொந்த நிலம் உள்ள சம்சாரிகள், கைத்தொழிலாளிகள் இருக்கிறார்கள். வயிற்றுப் பசிக்காக மட்டும் வந்தவர்கள் இல்லை. தங்களுடையது என்று நம்பிய ஒன்றைப் பறித்துவிட்டார்கள் என்று வந்தவர்கள். கடைசி அத்தியாயத்தில் அவருடைய மார்க்சிய நண்பர்களே திடுக்கிட்டார்கள். சட்டம் ஆள்கிறவர்களின் கருவி என்று பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, ஆனாலும் சட்டத்தின் ஆட்சி என்பது மனித குலத்துக்கு நல்லதே, அது ஆள்கிறவன் கையையும் கட்டுகிறது என்று முடிக்கிறார். இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது புத்தகத்தின் மிக நேர்மையான இடமாகப் படுகிறது.

குறை? தாம்ப்ஸனின் காட்டில் மரமே இல்லை. ஓக்கும் பீச்சும் அவருக்கு ஒன்று. வெட்டியதால் காட்டுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. ராக்கம் புத்தகத்தில் ஆள் மங்கல், தாம்ப்ஸன் புத்தகத்தில் மரம் மங்கல்.

*

மூன்றாவது புத்தகம் இவ்வளவு பிரபலமில்லை. ஜே. எம். நீஸன் என்ற பெண்மணி எழுதிய ‘காமனர்ஸ்’ (1993). 1700 முதல் 1820 வரை, பொது உரிமைகளால் பிழைத்த இங்கிலாந்து ஜனங்களைப் பற்றியது. நார்த்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தை மையமாக வைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கணக்குப் பார்க்கிறார். நடை கொஞ்சம் வறட்சி. பொறுமை வேண்டும். பொறுத்தவர்களுக்கு, மற்ற இரண்டு ஆண்களும் தவறவிட்ட ஒரு காட்சி கிடைக்கிறது. குனிந்து சுள்ளி பொறுக்குகிற பெண்.

சுள்ளி, முள்செடி, பெர்ரி, காளான், உதிர்ந்த கொட்டை. ஒவ்வொன்றும் அற்பம். வருஷம் முழுக்கச் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பும் வயிற்றில் ஒரு பகுதியும். இதில் பெரும் பங்கு பெண்களும் குழந்தைகளும் கொண்டுவந்தது. சம்பளப் பட்டியலில் வராததால் எந்தப் பொருளாதாரப் புள்ளிவிவரத்திலும் வரவில்லை. நீஸன் காட்டுகிற முக்கியமான விஷயம், இது ஏழ்மையின் அடையாளம் அல்ல, சுதந்திரத்தின் அடையாளம். காட்டில் விறகும் புறம்போக்கில் ஒரு மாடும் உள்ளவன், பண்ணையார் கூப்பிட்ட உடனே கூலிக்கு ஓட வேண்டியதில்லை. பண்ணையார்களுக்கு அதுதான் கடுப்பு. பொது நிலம் சோம்பேறிகளை வளர்க்கிறது, அதை வளைத்தால்தான் வேலைக்கு ஆள் கிடைக்கும் என்று அந்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள் கூச்சமில்லாமல் எழுதின. 1604 முதல் 1914 வரை இப்படிப் பொது நிலத்தை வளைக்க இங்கிலாந்து பார்லிமென்ட் நிறைவேற்றிய சட்டங்கள் 5,200க்கு மேல்.

‘பொதுச் சொத்து என்றால் எல்லாரும் சுரண்டுவார்கள், கடைசியில் ஒன்றும் மிஞ்சாது’ என்று 1968இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியல்காரர் ஒரு கட்டுரை எழுதினார். இன்றுவரை மேடைக்கு மேடை ஒலிக்கிறது. கிராமத்து ஏடுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குச் சிரிப்புதான் வரும். அங்கே எதுவும் இஷ்டத்துக்கு இல்லை. எந்த மாதம் வெட்டலாம், யார் எத்தனை மாடு விடலாம், எந்தக் கட்டையைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது, மீறினால் எத்தனை பென்ஸ் அபராதம் என்று ஊர்க் கோர்ட் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறது. பொதுச் சொத்து என்பது எல்லாருடையதும் அல்ல. பேர் தெரிந்த, முகம் தெரிந்த சில பேருடையது.

‘ஆஹா, எப்பேர்ப்பட்ட கிராமத்து ஜனநாயகம்!’ என்று உடனே உருகிவிட வேண்டாம். அந்தச் சில பேரில் நீங்கள் இல்லையென்றால் தொலைந்தீர்கள். புதிதாக வந்து குடிசை போட்டவனுக்கு உரிமை கிடையாது. 1601ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, வேலிக் கழியை உருவினவர்களும் கட்டை திருடினவர்களும் நஷ்ட ஈடு கட்ட முடியாவிட்டால் சவுக்கடி என்றது. இன்றைய நம் ஏக்கத்துக்குத் தோதாக நேற்றைய கிராமத்தைப் பொன்னாக்குவதும் ஒரு ஃபாக்டாய்டுதான்.

*

மூன்று புத்தகங்களும் ஒன்றாக வந்து முட்டுகிற இடம் என்று ஒன்றைச் சொல்வதென்றால், அது லண்டன் விளிம்பில் உள்ள எப்பிங் ஃபாரஸ்ட். அங்கே லாஃப்டன் கிராமத்தாருக்குப் பரம்பரையாக ஓர் உரிமை. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் 23 வரை மரத்தின் தலையை வெட்டி விறகு எடுக்கலாம். 1860களில் ஊர் நிலச்சுவான்தார் காட்டை வேலி போட்டு வளைத்தார். (அவரே அந்த ஊர்ப் பாதிரியாரும் கூட!) தாமஸ் வில்லிங்கேல் என்ற வயதான மரவெட்டி, வேலியைப் பொருட்படுத்தாமல் வழக்கம்போல நவம்பரில் கோடாலியோடு போனார். குடும்பத்தில் சிலர் சிறைக்குப் போனார்கள். கிழவர் விடவில்லை. 1870இல் அவர் இறந்துபோனாலும் வேறு கைகள் வழக்கை எடுத்துக்கொண்டன. 1874இல் வேலி போட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. 1878இல் எப்பிங் ஃபாரஸ்ட் சட்டம். காடு பிழைத்தது. இன்றைக்கு லண்டன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நாயோடு நடக்கிறார்களே, அந்தக் காடு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதே சட்டம் காட்டின் இயற்கைத் தோற்றத்தைக் காப்பாற்றச் சொன்னது. கிளை வெட்டும் உரிமையை முடித்துவைத்தது. நஷ்ட ஈடாக 7,000 பவுண்ட். அதில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள். இன்னும் நிற்கிறது. பேர் லாப்பிங் ஹால், கிளைவெட்டு மண்டபம். உரிமை கட்டடமாகிவிட்டது. காட்டில்? நூற்றாண்டுகளாகத் தலை வெட்டிப் பழகிய பீச் மரங்கள் கனத்த கிளைகளோடு ஓங்கி, கீழே நிழல் கட்டி, தரையில் எதுவும் வளரவிடாமல் இருட்டாகிப்போனது. இயற்கைத் தோற்றம் என்று எதைக் காப்பாற்ற நினைத்தார்களோ அது வில்லிங்கேல் போன்றவர்களின் கோடாலி செதுக்கிய தோற்றம். ராக்கம் இதை எழுதும்போது அவருடைய எரிச்சல் உச்சத்துக்குப் போகிறது. நியாயம்தான். ஆனால் கோடாலியை நிறுத்தியது எது? தாவரவியல் அறியாமை மட்டுமா, கோடாலிக்காரனை நம்பாத வர்க்கமா? இரண்டாவது கேள்வியைக் கேட்க தாம்ப்ஸன் தேவைப்படுகிறார்.

*

‘எங்கேயோ இங்கிலாந்துக் காடு, நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். 1856இல் மெட்ராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹக் கிளெகார்ன் பதவியேற்றபோதும், 1864இல் டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானபோதும், இங்கிலாந்தில் வனவியல் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி கூடக் கிடையாது. பிராண்டிஸே ஜெர்மன்காரர். இந்தியாவுக்கு வர வேண்டிய இளம் அதிகாரிகளை ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் அனுப்பிப் படிக்கவைத்தார்கள். கழியும் சுள்ளியும் கணக்கில் வராத, உத்தர மரத்தை மட்டும் எண்ணுகிற படிப்பு அது. 1878இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது மெட்ராஸ் அதில் சேரவில்லை. கிராமத்தார் உரிமை இல்லாத காடு இந்த மாகாணத்தில் அநேகமாகக் கிடையாது என்று இங்கிருந்த ரெவின்யூ போர்டு ஏற்கெனவே மல்லுக்கு நின்றிருந்தது. எதிர்ப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. 1882இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. ‘ரிசர்வ் ஃபாரஸ்ட், அத்துமீறி நுழையாதே’ போர்டுகளின் கொள்ளுத்தாத்தா.

கதை அங்கேயும் நிற்கவில்லை. பிராண்டிஸுக்குப் பின் வந்த வில்லியம் ஷ்லிச், 1885இல் இங்கிலாந்து போய் அங்கே வனவியல் கற்பிக்கத் தொடங்கினார். அந்தப் பரம்பரைப் படிப்புதான், 1919இல் உருவான ஃபாரஸ்ட்ரி கமிஷன் காலத்தில், ‘உபயோகமில்லாத’ பழைய காடுகளில் விஷ மருந்து தெளித்துப் பைன் நடும் அளவுக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முப்பது நாற்பது வருஷத்தில் இங்கிலாந்தின் பழங்காடுகளில் பாதிக்கு அருகில் இப்படிப் பைனாகவோ வயலாகவோ மாறின. ஆயிரம் வருஷம் விறகுவெட்டியைத் தாங்கிய காடு, நிபுணரை நாற்பது வருஷம் தாங்கவில்லை. (விஷத்துக்கும் சாகாமல் பல அடித்தூர்கள் மறுபடி துளிர்த்து, நட்ட பைனை முந்தின என்று ராக்கம் சந்தோஷமாகப் பதிவு செய்கிறார். படிக்கும்போது நமக்கும் சந்தோஷம்.)

நம் ஊரில் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்கிறவர்களுக்கு அங்கே உரிமை உண்டு என்று பார்லிமென்ட் ஒப்புக்கொள்ள, 1882இலிருந்து எண்ணினால் 124 வருஷம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை இந்தப் பேச்சு வரும்போதும், உள்ளே இருக்கிறவனை வெளியேற்றினால்தான் காடு தப்பும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எல்லா இடத்திலும் அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆஷ் மரத்துக்குச் சொன்னது எல்லா மரத்துக்கும் பொருந்தாது; பைனைத் தரையோடு வெட்டினால் அநேகமாகச் செத்துப்போகும். சஃபோக்கில் நடந்ததை அப்படியே சத்தியமங்கலத்தில் ஒட்டவைக்க முடியாது. ஆனால் ‘வெட்டினான், அதனால் அழித்தான்’ என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கலாம். எதை வெட்டினான்? மறுபடி தழைய விட்டானா? அடுத்த வருஷமும் அங்கே வெட்டலாம் என்ற உத்தரவாதம் அவனுக்கு இருந்ததா? மூன்றாவதுதான் முக்கியம். நாளைக்குத் துரத்தப்படப் போகிறவன் இன்றைக்கே எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுப்பான்.

படிக்கிற வரிசை கேட்பீர்கள். ராக்கத்தின் சின்னப் புத்தகத்தில் ஆரம்பியுங்கள். மரப் பெயர்கள் புரியாவிட்டால் பரவாயில்லை, முருங்கை என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். அடுத்து தாம்ப்ஸன். நடுவில் 18ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் பெயர்ப் பட்டியல் மூச்சு முட்டவைக்கும். தாண்டிப் போய்க் கடைசி அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். நீஸனை நூலகத்தில் எடுத்து, சுள்ளி பொறுக்கும் பகுதிகளையாவது வாசியுங்கள். நல்ல காடும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது: கழிக்கு ஒரு மரம், உத்தரத்துக்கு ஒரு மரம், தரையில் பொறுக்குவதற்கும் கொஞ்சம்.